ஒரு வசனமும் ஒரு ‘வுய்’யும்

1

போன சனிக்கிழமை பாரிசின் தமிழ்க் கடைத்தெருவான ரூ காயில் முருங்கைக்காய் இறங்கியிருந்தது. நான் போய்ச் சேர்ந்தபோது பெட்டியில் ஒரே ஒரு கட்டுத்தான் மிச்சம். கையை நீட்டப் போக, பக்கத்தில் நின்ற வெள்ளைக்காரப் பெண்ணொருத்தி என்னைப் பார்த்துப் பிரெஞ்சில் ஏதோ கேட்டாள். கடைக்குள் பாட்டுச் சத்தம், வெளியில் லொறிக்காரனின் கோன் சத்தம். எனக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. ஆனால் இந்த வாய் சும்மா கிடக்குமா? “வுய், வுய்” என்று சொல்லித் தலையையும் ஆட்டினேன். அவள் நன்றி சொல்லிவிட்டுக் கட்டைத் தூக்கிக்கொண்டு போனாள். நான் எடுக்கட்டுமா என்று கேட்டிருக்கிறாள்!

கடைக்கார அண்ணைக்குச் சிரிப்பு அடங்கவில்லை. “தங்கச்சி, நீங்கள்தானே ஓம் எண்டனீங்கள். இப்ப என்னோடை ஏன் சண்டைக்கு வாறியள்?”

நாங்கள் இருப்பது பாரிசுக்கு வெளியே, கார்ஜ் லே கொனெஸில். ரயிலில் இருந்து எனக்கு நானே சிரித்துக்கொண்டு வந்தேன். பாதி வழியில் சிரிப்பு நின்றுவிட்டது. சில வருடங்களுக்கு முன்னால் இதே மாதத்தில், இதே சொல்லால், என் மனிசனை இழக்கப் பார்த்தேன். முருங்கைக்காய் அடுத்த கிழமையும் வரும்.

ஊரில் இருந்து வாசிக்கிறவர்களுக்குச் சொல்கிறேன்: ‘வுய்’ என்றால் பிரெஞ்சில் ‘ஓம்’. இந்த நாட்டுக்கு வந்த எங்கள் ஆட்கள் முதலில் பழகுகிற சொல் அதுதான். பலபேர் அதோடேயே காலத்தை ஓட்டிவிடுகிறோம்.

2

என் கணவருக்குப் பெயர் சிவம், எனக்கு எப்போதும் ‘இவர்’. யாழ்ப்பாணத்தில் கூட்டுறவுச் சங்கக் கடையில் மனேஜராக இருந்தவர். இங்கே வந்து உணவகக் குசினியில் கோப்பை கழுவத் தொடங்கி, இருபது வருடத்தில் பிரெஞ்சுக்காரருக்கே சோஸ் வைத்துக் கொடுக்கும் அளவுக்கு வந்தார். பிறகு ஒருநாள் குசினியிலேயே விழுந்தார். மூளையில் இரத்தக் கசிவு. கையும் காலும் திரும்பி வந்தன. பிரெஞ்சு வரவில்லை. அவ்வளவு வருடம் கதைத்த மொழி, துடைத்து எடுத்தது போலப் போய்விட்டது. அதற்குப் பிறகு ஒவ்வொன்றாக மறக்கத் தொடங்கினார்: கிழமை, வீட்டு இலக்கம், அடுப்பை நிற்பாட்டுவது.

ஒருநாள் மத்தியானம் எங்கள் மாடியில் இருக்கிற மாலி நாட்டு மனிசி, காஸ் மணக்குது என்று கதவை உடைக்கிற மாதிரித் தட்டியிருக்கிறாள். இவர் கதவைத் திறந்து “வுய்” என்றாராம். அவள் தள்ளிக்கொண்டு உள்ளே போய் அடுப்பை மூடியபடியால் நாங்கள் இன்றைக்கும் இருக்கிறோம். அந்த நேரம் நான் பக்கத்து ஊரான சார்செலில் வேறொருவரின் தாயைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தேன். அதுதான் என் வேலை. ஏலாத முதியவர்களின் வீடுகளுக்குப் போய்க் கழுவித் துடைத்து, உடுப்பு மாற்றி, சாப்பாடு கொடுப்பது.

இப்படியான ஆட்களுக்கு அரசாங்கம் வீட்டுக்கு உதவியாள் அனுப்பும். அதற்கு முதல் ஒருவர் வந்து கேள்வி கேட்டு, ஒன்றிலிருந்து ஆறு வரை ஒரு இலக்கம் போடுவார். ஒன்று என்றால் படுக்கையில் கிடக்கிறவர். ஆறு என்றால் எல்லாம் தானே செய்யக்கூடியவர். நாலுக்குள் வந்தால் உதவி உண்டு.

நாங்கள் அன்றைக்குச் செய்த வேலையைக் கேளுங்கள். அரசாங்க ஆள் வீட்டுக்கு வருகிறார் என்று முதல் நாளே வீட்டைக் கழுவித் துடைத்தேன். இவருக்கு முகம் வழித்துவிட்டேன். சட்டையை மினுக்கிப் போட்டு, பொத்தானையும் நானே பூட்டினேன். ரோல்ஸ் பொரித்தேன். வந்த பெண் நல்ல மனிசிதான், சிரித்த முகம். அவள் இருந்ததும் இவர் எழுந்து குசினிக்குப் போய், தேத்தண்ணித் தட்டைத் தூக்கி, ஒரு துளி சிந்தாமல் கொண்டுவந்து அவளுக்கு முன்னால் வைத்துக் கும்பிட்டார். ஐயோ! அவள் உடனே எதையோ எழுதினாள்.

பிறகு கேள்விகள். நான் வாயைத் திறக்க, “மிசியே பதில் சொல்லட்டும், மதாம்” என்றாள். தனியாகக் குளிப்பீர்களா? வுய். உடுப்புப் போடுவீர்களா? வுய். சமைப்பீர்களா? வுய். வெளியே போனால் வீட்டுக்கு வழி தெரியுமா? வுய், வுய், மதாம். ஒவ்வொரு கேள்விக்கும் நான் உள்ளே எரிந்துகொண்டிருந்தேன். குளிக்கிற கேள்விக்கு மட்டும் நான் கோபப்படவில்லை. அது உண்மைதானே. நான் வேலையால் வந்து “குளிச்சிட்டீங்களோ?” என்று கேட்டால் “ஓம்” என்பார், துவாயும் ஈரமாகத் தொங்கும்.

மூன்று கிழமையில் கடிதம் வந்தது. ஆறு.

ஆறு என்றால் என்ன? நான் வேலையை விடவேண்டும், விட்டால் இந்த வீட்டு வாடகை ஏலாது. இல்லாவிட்டால் இவரை ஒரு முதியோர் இல்லத்தில் விடவேண்டும். எங்கள் மகள் அபி ஏற்கெனவே கணினியில் இல்லங்களைத் தேடத் தொடங்கியிருந்தாள். தமிழ் தெரிந்த ஒரு சீவனும் இல்லாத இடம். வயிறு நிறைந்ததா என்று கேட்டாலும் வுய் என்பார், நோவு இல்லைத்தானே என்று கேட்டாலும் வுய் என்பார். அப்படியே வுய் சொல்லிச் சொல்லிச் செத்துப்போவார். அந்தக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு நான் குளறி அழுதேன். இவர் பக்கத்தில் வந்து நின்று, “என்னப்பா, ஊரிலை ஆரும் செத்துப்போட்டினமோ?” என்று கேட்டார்.

3

என்னை வேலைக்கு வைத்திருப்பது சார்செலில் இருக்கிற ஒரு யூத சமூகச் சங்கம். அந்தக் காலத்தில் வாசலில் துவக்கோடு படையினர் நிற்பார்கள். யூதப் பள்ளிக்கூடங்களுக்கும் கோயில்களுக்கும் காவல் போட்டிருந்த நேரம். ஒவ்வொரு காலையும் பையைத் திறந்து காட்டிவிட்டுத்தான் உள்ளே போவேன். இருபது வயதுப் பெடியன் ஒருவன் “நன்றி மதாம்” என்பான். பாவம், அவன் என்ன செய்வான்? எனக்குத்தான் முழங்கால் இரண்டும் இறுகிவிடும். எங்கள் ஊரில் வாசலில் ஆமி நின்றால் அது உள்ளே இருக்கிறவர்களைப் பிடிக்க. இங்கே உள்ளே இருக்கிறவர்களைக் காக்க. இதை என் தலை விளங்கிக்கொண்டது, கால்கள் கடைசிவரை விளங்கிக்கொள்ளவில்லை.

சமூகசேவைப் பகுதிக்குப் பொறுப்பு மதாம் மிரியாம். ஐம்பது வயது, கட்டையான உருவம், கழுத்தில் கயிற்றில் தொங்கும் கண்ணாடி, எந்த நேரமும் அவசரம். கடிதம் வந்த அடுத்த நாள் என் கண்ணைப் பார்த்துவிட்டு, எல்லாம் சரிதானா என்று கேட்டாள். “வுய், வுய்” என்றேன்.

“உங்கள் வுய்யை நான் நம்பமாட்டேன்,” என்றாள். “இருங்கள்.”

சொன்னேன். தட்டு, சட்டை, ரோல்ஸ், எல்லாவற்றையும் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. எழுந்து அலுமாரியில் இருந்து ஒரு கனத்த பைலை எடுத்துவந்து வைத்தாள்.

“மதாம் எஸ்தேரை ஞாபகம் இருக்கிறதா?”

மறப்பேனா? நான் மூன்று வருடம் பார்த்த முதியவர். போலந்திலிருந்து சிறுமியாக வந்து, அறுபது வருடம் பாரிசில் உடுப்புத் தைத்தவர். கடைசிக் காலத்தில் அவருக்கும் பிரெஞ்சு போய்விட்டது. தாய் தகப்பனோடு கதைத்த இத்திஷ் மொழி மட்டும் நின்றது. இரண்டாம் உலக யுத்தக் காலத்தில் கையில் யூதரின் பெயர்ப் பட்டியலோடு வந்தவர்கள்தான் அவரின் தாயையும் தகப்பனையும் கொண்டுபோனார்கள். அப்படிப்பட்டவரின் வீட்டுக்கு, கையில் படிவத்தோடு ஒருவர் வந்து பெயரை வாசித்தால் என்ன செய்வார்? எல்லாவற்றுக்கும் வுய் சொன்னார். அவருக்கும் ஆறு போட்டார்கள். உதவி கிடைக்க முதல் போய்விட்டார்.

பைலுக்குள் இருந்தது ஒரே ஒரு வசனம். அதை எனக்கு வாசித்துக் காட்டினாள்: ‘மதிப்பீடு, அந்த முதியவருக்கு உண்மையில் விளங்குகிற மொழியில் நடத்தப்படும்.’ மிச்சக் கடதாசி முழுக்க அந்த வசனத்தின் கதை. முதியோர் பற்றியோ சுகாதாரம் பற்றியோ ஒரு சட்டம் பாராளுமன்றத்துக்கு வரும்போதெல்லாம், இவர்கள் ஒரு உறுப்பினரைப் பிடித்து, இந்த வசனத்தைச் சட்டத் திருத்தமாகக் கொண்டுபோக வைக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் திரும்பி வருகிறது. அடுத்த சட்டத்துக்கு மறுபடியும் கொண்டுபோகிறார்கள்.

“இதில் யூதர் என்ற சொல் இல்லையே?” என்று கேட்டேன்.

“இருக்கக்கூடாது. எங்களுக்கு என்று கேட்டால் இந்த நாட்டில் கதவைச் சாத்துவார்கள். எல்லோருக்கும் என்று கேட்டால்தான் எங்களுக்கும் கிடைக்கும்.” கண்ணாடியைக் கழற்றினாள். “நான் தனியாகப் போனால் அவர்கள் காதில் யூதர் என்று விழும். நீங்களும் வந்தால் முதுமை என்று விழும். புதிய சட்டம் ஒன்று வருகிறது. வருவீர்களா?”

நான் என்ன சொன்னேன் என்று உங்களுக்குத் தெரியும்தானே. வுய்.

4

மிரியாம் ஒரு தமிழ்ச் சங்கத்தின் கையெழுத்தும் வேண்டும் என்றாள். எங்கள் ஊர்ச் சங்கத்தின் செயலாளர் குணம் அண்ணை. ரூ லூயி-பிளாங்கில் டெலிபோன் கடை வைத்திருப்பவர். மனிசனுக்கு மனம் தங்கம், வாய் மட்டும் ஒலிபெருக்கி. விஷயத்தைச் சொன்னதும் கடைக் கதவைப் பாதி இழுத்துவிட்டு உட்கார்ந்தார்.

“பாராளுமன்றமோ? விடு தங்கச்சி. மகஜர் நான் எழுதுறன்.”

இரண்டு நாளில் நாலு பக்கம் எழுதிவிட்டார். இலங்கைக்குச் சுதந்திரம் கிடைத்த ஆண்டிலிருந்து தொடங்கியிருந்தார். மூன்றாம் பக்கம் வரைக்கும் என் மனிசனின் பெயரும் இல்லை, முதியவர்களும் இல்லை. கடைசியில் ‘தாழ்மையுடன் வேண்டி நிற்கின்றோம்’. அதைப் பிரெஞ்சில் மாற்றியவர், நாங்கள் உங்கள் முன் நிலத்தில் கிடந்து கெஞ்சுகிறோம் என்று போட்டிருந்தார். முப்பது பேர் போவதாம், பதாகை பிடிப்பதாம், படம் எடுப்பதாம், உறுப்பினருக்குப் பொன்னாடை போர்த்துவதாம்.

“அண்ணை, மூண்டு பேர்தான் போகலாம். ஒரு பக்கம், ஒரு வசனம். இருபது நிமிசம்.”

“ஒரு வசனமோ? ஒரு வசனத்திலை என்னத்தைச் சொல்லுறது? வெறுங்கையோடை போய் நிக்கிறதே?” கோபம் வந்துவிட்டது அவருக்கு. “யூத ஆக்களுக்குக் கதவு திறக்கும். எங்களுக்கு ஆர் திறக்கிறது? இரண்டாயிரத்தி ஒன்பதிலை நிண்டனாங்களே, மறந்துபோனீரோ?”

மறக்கவில்லை. யுத்தம் முடிந்துகொண்டிருந்த அந்த மாதங்களில் வேலை முடிந்த கையோடு பாரிஸ் தெருவுக்குப் போய் நின்றோம். அபியும் வந்தாள். இவர் குசினி உடுப்போடேயே வந்து நின்றார். மகஜர் மகஜராகக் கையளித்தோம். எல்லாரும் இரண்டு கையாலும் வாங்கினார்கள், தலையை ஆட்டினார்கள். அங்கே சனம் செத்துக்கொண்டிருந்தது. பிறகு பதாகைகளைச் சுருட்டி இதே கடையின் பின்னறையில் வைத்தோம். இன்னும் அங்கேதான் கிடக்கின்றன. குணம் அண்ணை சொன்னது சரி என்று எனக்கும் தெரியும், அதனால்தான் அவரோடு கத்தினேன்.

பிறகு சார்செலுக்கு வந்து மிரியாமிடமும் அவர் அதையே கேட்டார், உங்களுக்குக் கதவு திறக்கும்தானே என்று. அவள் கோபிப்பாள் என்று பயந்தேன். “என் தகப்பனார் காலத்திலிருந்து தட்டுகிறோம், மிசியே. எங்கள் வாசலைப் பார்த்தீர்கள்தானே? கதவு திறக்கிற ஆட்களின் வாசலில் துவக்கு நிற்காது,” என்றாள். பிறகு மகஜரை எடுத்து, மரியாதையாக முழுவதையும் வாசித்தாள். “இதில் எங்கேயோ ஒரு கோரிக்கை இருக்கிறது. நீங்களே தேடி அடியில் கோடு போடுங்கள். மிச்சத்தை வைத்திருங்கள், ஒருநாள் வேண்டும்.”

குணம் அண்ணை பேனையை வாங்கி நெடுநேரம் தேடினார். கடைசியில் கோடு எதுவும் போடாமல், மிரியாமின் அந்த ஒரு பக்கத்தின் அடியில் கையெழுத்து வைத்தார்.

5

வீட்டில்தான் பெரிய சண்டை. இவரையும் கூட்டிக்கொண்டு போனால் உறுப்பினர் நேரில் பார்ப்பாரே என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அபி கையில் இருந்த கரண்டியை மேசையில் எறிந்தாள். அவள் இங்கே பிறந்தவள், கோபம் வந்தால் பிரெஞ்சு மழையாகக் கொட்டும். அப்பா ஒரு பைல் இல்லை, காட்சிக்கு வைக்கிற பொருள் இல்லை என்றாள். அன்றைக்கு அந்தப் பெண் கேள்வி கேட்டபோது நீ ஏன் சும்மா இருந்தாய் என்றாள்.

“நான் சும்மா இருந்தனானோ? கதைக்க விட்டவளே அவள்?”

“மறதி இருந்தாலும் அப்பா சந்தோஷமாகத்தான் இருக்கிறார், ஒரு இல்லத்திலும் அப்படியே இருப்பார், நீதான் பயப்படுத்துகிறாய். ஒவ்வொரு நாளும் நான் கேட்கிறேனே!”

உண்மைதான், ஒவ்வொரு நாளும் கேட்பாள். வேலையால் வந்து, இரண்டு கன்னத்திலும் கொஞ்சி, “சவா, பப்பா?” என்பாள். சுகமா அப்பா என்று அர்த்தம். இவர் “வுய்” என்பார். அவள் நிம்மதியாகத் தன் அறைக்குப் போய்விடுவாள். அந்த ஒரு சொல்லை நம்பிக்கொண்டு ஒரு வருடம் ஓட்டியிருக்கிறாள், என் பிள்ளை. அதை அவளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இவரை விட்டுவிட்டுத்தான் போனேன்.

பாராளுமன்றப் பக்கத்துக் கட்டடத்தில், பைகளை இயந்திரத்தில் விட்டுப் பார்க்கிற இடத்தில், குணம் அண்ணையின் பை நின்றுவிட்டது. காவலாளி சரிகை பளபளக்கிற பொன்னாடை ஒன்றை வெளியே இழுத்தெடுத்தான். வேண்டாம் என்று பத்துத் தரம் சொல்லியும் கொண்டுவந்திருக்கிறார் மனிசன்! மிரியாம் கண்ணை இறுக்கி மூடித் திறந்தாள். சால்வை வாசலிலேயே தங்கியது.

உறுப்பினர் ஒரு பெண். மரியாதையாகக் கை கொடுத்தார், மணிக்கூட்டைப் பார்த்தார். மிரியாம் அந்த ஒரு பக்கத்தை மேசையில் வைத்து, மூன்று நிமிடத்தில் பேசி முடித்தாள். எத்தனையாம் பந்தி, எந்தச் சொல்லுக்குப் பிறகு எந்தச் சொல் வரவேண்டும், எந்த நாளைக்கு முன் கொடுக்கவேண்டும். கெஞ்சல் ஒன்றுமில்லை. எனக்கு ஆச்சரியமாக இருந்தது. இப்படியும் கேட்கலாம் போல.

“குடியரசுக்கு ஒரு மொழிதான்,” என்றார் உறுப்பினர். “ஒவ்வொரு மொழிக்கும் ஆள் வைக்க முடியுமா?”

“ஆள் கேட்கவில்லை, மதாம். கேள்வி விளங்கியதா என்று பார்க்கச் சொல்கிறோம்.”

உறுப்பினர் என் பக்கம் திரும்பினார். “உங்கள் கணவர் இங்கே இருபது வருடத்துக்கு மேல் வேலை செய்திருக்கிறார். கேள்விகள் அவருக்கு விளங்கித்தானே இருக்கும்?”

“வுய்,” என்றேன்.

மிரியாமின் பேனை கடதாசியில் நின்றது. குணம் அண்ணை தமிழில் முணுமுணுத்தார், “ஐயோ தங்கச்சி, என்ன சொல்லிப்போட்டீர்!” ஒரு வருடமாக யார் மேல் கோபப்பட்டேனோ, அவர் செய்ததையே நானும் செய்துவிட்டேன். உறுப்பினர் தலையை ஆட்டி அந்தப் பக்கத்தை ஓரமாகத் தள்ளப் போனார்.

“நோன்,” என்றேன்.

பிரெஞ்சில் ‘இல்லை’. அரசாங்க மேசை ஒன்றுக்கு முன்னால் இருந்து அந்தச் சொல்லை நான் சொன்னது அதுதான் முதல் தடவை. என் குரல் எனக்கே முரட்டுத்தனமாகக் கேட்டது. படித்து வைத்திருந்த மூன்று நிமிடப் பேச்சு எங்கோ பறந்துவிட்டது. வாய்க்கு வந்த பிரெஞ்சில், பிழையோ சரியோ, சொன்னேன்.

“மதாம், இப்போது நீங்கள் கேட்டதற்கு நான் வுய் என்றேன். எனக்கு மறதி நோய் இல்லை. நீங்கள் பெரிய ஆள், அதனால் வுய். எங்கள் ஊரில் ஆமி எங்களை வரிசையில் நடக்க விடும். எதிரில் முகத்தை மூடிக்கொண்டு ஒருவன் இருப்பான். அவனுக்குத் தலையாட்டி என்று பெயர். யாரைப் பார்த்து அவன் தலையாட்டினானோ அந்த ஆள் வீட்டுக்கு வரமாட்டார். என் கணவர் அந்த வரிசையில் இரண்டு தரம் நடந்தவர். ஆமி என்ன கேட்டாலும் சிங்களத்தில் ‘ஒவ் மாத்தயா’ என்பார். ஓம் ஐயா என்று அர்த்தம். இல்லை என்று சொன்னவர்கள் திரும்பவில்லை. அவர் ஓம் சொன்னதால் உயிரோடு வந்தார். என் வீட்டுக்கு வந்த பெண் படிவத்தோடு முன்னால் இருந்தாள். அவர் வேறு என்ன சொல்வார்?”

மிரியாம் என்னைப் பார்க்கவில்லை, மேசையைப் பார்த்தபடி மெதுவாக, “மதாம் எஸ்தேரும் அப்படித்தான்” என்றாள். உறுப்பினர் ஓரமாகப் போன கடதாசியை இழுத்து, முதலில் இருந்து வாசித்தார்.

6

அந்த வசனம் பாராளுமன்றத்தில் வந்த நாளில், மிரியாமின் கணினியில் நேரடியாகப் பார்த்தோம். எங்கள் உறுப்பினர் எழுந்து வாசித்தார். நான் கையைப் பிசைந்துகொண்டு நின்றேன். அமைச்சர் எழுந்து, நோக்கம் நல்லது, ஆனால் சட்டத்தில் எழுதத் தேவையில்லை, திரும்பப் பெறுங்கள் என்றார். எங்கள் உறுப்பினர் திரும்பப் பெற்றுக்கொண்டார். அவ்வளவுதான். மேசையில் இருந்த கோப்பி ஆறவில்லை.

“ஏமாத்திப்போட்டினம்!” என்று தமிழிலேயே கத்திவிட்டேன். ஆத்திரத்தில் கண்ணீர் வந்தது. மிரியாம் பைலை எடுத்து, பழைய முயற்சிகளின் பட்டியலுக்கு அடியில் ஒரு வரி எழுதி, அலுமாரியில் திரும்ப வைத்தாள்.

“தோற்கவில்லை. திரும்பப் பெற்றோம். தோற்ற வசனத்தை மறுபடி கொண்டுபோவது கஷ்டம். இதை அடுத்த சட்டத்துக்குக் கொண்டுபோகலாம்.”

“அடுத்த சட்டம் எப்ப?”

“தெரியாது.” பிறகு ஏதோ சாதாரண வேலை போல, உறுப்பினருக்கு நன்றிக் கடிதம் எழுத உட்கார்ந்தாள். தோற்ற அன்றைக்கே நன்றிக் கடிதம்! எனக்கு அவளைப் பிடித்து உலுக்கவேண்டும் போல இருந்தது. ரயிலில் வரும்போதுதான் குணம் அண்ணையின் பின்னறையில் சுருட்டி வைத்த பதாகைகள் ஞாபகம் வந்தன. நாங்களும் யாருக்காவது நன்றிக் கடிதம் எழுதியிருந்தால், மறுபடி போய் மறுபடி தட்டியிருந்தால் என்று யோசித்தேன். ஒன்றும் நடந்திருக்காது என்றும் தோன்றியது. இன்றைக்கும் எனக்கு விடை தெரியாது.

ஆனால் அந்தக் கடிதத்துக்குப் பதில் வந்தது. உறுப்பினர் எங்கள் மாவட்ட அலுவலகத்துக்குத் தானே எழுதி, இவரை மறுபடி பார்க்கச் சொல்லியிருந்தார். இன்னொருவருக்கு ஆறு விழாமல் இருக்க அது உதவாது. எனக்கு அது ஒரு பிடி.

அன்று இரவுச் சாப்பாட்டில் அபியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நான் உறுப்பினருக்கு முன்னால் வுய் சொன்னதையும் சொன்னேன். அவள் வாய்விட்டுச் சிரித்தாள். பிறகு சிரிப்பு மெல்ல நின்றது. எழுந்துபோய், தொலைக்காட்சிக்கு முன்னால் இருந்த தகப்பனிடம் பிரெஞ்சில் கேட்டாள்: “அப்பா, நீங்கள்தான் பிரான்சின் ஜனாதிபதியா?”

“வுய்,” என்றார் இவர், அவளைப் பார்த்து அன்பாகச் சிரித்தபடி.

அபி அவரின் காலடியில் நிலத்தில் இருந்துவிட்டாள்.

7

இரண்டாம் தடவையும் அதே பெண்தான் வந்தாள். இந்த முறை வீட்டைக் கழுவவில்லை. இவரின் சட்டையை இவரே பூட்டினார், பொத்தான் எல்லாம் ஏறுமாறாக இருந்தது. ரோல்ஸ் இல்லை. வீட்டுக்கு வந்தவளுக்குத் தேத்தண்ணிகூடக் கொடுக்காமல் நின்றேன், அம்மாளாச்சி என்னை மன்னிக்கவேண்டும்.

தமிழில் கேட்கலாம் என்றாள் அவள். ஆனால் மனைவி வேண்டாம், மனைவிமார் பதிலையும் சேர்த்துச் சொல்லிவிடுவார்கள், மகள் கேட்கட்டும், மதாம் தயவுசெய்து குசினியில் நில்லுங்கள் என்றாள். போய் நின்றேன். நெஞ்சு அடித்த அடியில் சட்டிகள் ஆடியிருக்கும். அபி சொதப்பினால் மறுபடியும் ஆறு.

அபி ஒரு கிழமை பழகியிருந்தாள். தமிழ்க் கேள்விகளைப் பிரெஞ்சு எழுத்தில் எழுதி, படிக்கட்டில், ரயிலில், கழிவறையில் என்று சொல்லிப் பார்த்தாள். ‘ள’ மட்டும் கடைசிவரை அவளுக்கு வரவில்லை.

“அப்பா, நீங்கல் தனியக் குலிக்கிறீங்கலோ?”

குளிர்சாதனப் பெட்டியின் இரைச்சல் மட்டும் கேட்டது. நான் தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். வுய் சொல்லிப்போடாதையுங்கோ, முருகா, இந்த ஒருதரம் மட்டும் சொல்லிப்போடாதையுங்கோ.

“ஆர் பிள்ளை உனக்குத் தமிழ் பழக்கினது?” என்று கேட்டார் இவர்.

“அம்மா,” என்றாள் அபி. மறுபடியும் கேட்டாள். “தனியக் குலிக்கிறீங்கலோ, அப்பா?”

“இல்லை.”

சின்னச் சத்தம்தான். அவர் அதைச் சொல்லி எவ்வளவு காலம் என்று எனக்குத் தெரியாது.

“இல்லை பிள்ளை. தண்ணியைத் திறந்தால் பிறகு என்ன செய்யிறதெண்டு தெரியேல்லை. கொஞ்ச நேரம் சும்மா நிண்டுபோட்டு, துவாயை நனைச்சுக் கொழுவிப்போட்டு வாறனான். அம்மாட்டைச் சொல்லிப்போடாதை. அவள் நாள் முழுக்க ஊராரைக் குளிப்பாட்டிப்போட்டு வாறவள், பாவம்.”

என்ன சொல்கிறார் என்று அந்தப் பெண் கேட்டாள். அபி மூக்கை உறிஞ்சினாள். பிறகு, “இல்லை என்கிறார்” என்று பிரெஞ்சில் சொன்னாள். பேனை ஓடுகிற சத்தம் கேட்டது. பிறகு வந்த கடிதத்தில் நாலு என்று இருந்தது. இப்போது காலையில் ஒரு பெண் வந்து இவரோடு நிற்கிறாள். அன்று அவர் சொன்ன மிச்சத்தை அபி மொழிபெயர்க்கவில்லை. எனக்கு அதை யாரும் மொழிபெயர்க்கத் தேவையும் இருக்கவில்லை. ஒரு வருடமாக நான் கேட்டதும் அவர் சொன்னதும் தமிழில்தானே. நான் குழாயைத் திறந்து, சும்மா கிடந்த சட்டியை எடுத்துச் சத்தமாகக் கழுவத் தொடங்கினேன். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை என்று அவர் நம்பட்டும்.